இடது கைக்கு ஒரு கண்ணி

அந்தத் துணிக்கடையின் பின்பக்கம், உடை போட்டுப் பார்க்கும் அறைகளைத் தாண்டி, ஒரு குட்டி அறை உண்டு. ஒரு தையல் மெஷின், ஒரு இஸ்திரிப் பெட்டி, ஆணியில் தொங்கும் அளவு நாடா, இவ்வளவுதான் அதில். சட்டையில் கை நீளம், பேன்ட்டில் கால் நீளம் என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு வருகிறவர்களை இனிக்க இனிக்கத் திருப்பி அனுப்புவது அங்கே உட்கார்ந்திருப்பவளின் வேலை. கடையில் எல்லோருக்கும் அவள் அளவக்கா. ஆள் வாசலில் வந்து நிற்கும்போதே, நாடாவைத் தொடாமல், "உங்களுக்கு வலது கை கொஞ்சம் கூட" என்று சொல்லிவிடுவாள். உலகத்தில் யாருக்கும் இரண்டு கையும் சமம் கிடையாது என்பது அவள் கட்சி. கேட்டவர்கள் சிரிப்பார்கள், அப்புறம் கண்ணாடி முன்னால் நின்று கையை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொள்வார்கள். மானேஜர்கூட ஒரு தடவை கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தார்.

மெஷினில் குனிந்து குனிந்து அவளுக்கே வலது தோள் இறங்கிப்போயிருந்தது. ஊரார் சட்டையெல்லாம் திருத்துகிற மகராசி, தன் சட்டையைத் திருத்திக்கொண்டதே இல்லை. தோள்பட்டை ஒரு பக்கம் நழுவி நழுவி விழும், இழுத்து விட்டுக்கொள்வாள்.

வீட்டில் அவளுக்கு வேறு பட்டம். நாத்தனார் கொடுத்தது: ஓசி ராணி. காரணம் இல்லாமல் இல்லை. அளவக்காவுக்குக் குரோஷாப் பின்னல் பைத்தியம். கையில் கொக்கி ஊசி இல்லாமல் பஸ் ஏறமாட்டாள். நூலுக்குக் கணக்குப் பார்க்காதவள், எத்தனை தையல், எங்கே குறைக்க என்று எழுதித் தரும் பேட்டர்னுக்கு மட்டும் ஐந்து காசு கொடுக்கமாட்டாள். இன்டர்நெட்டில் இலவசமாக எங்கே என்ன கிடைக்கும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. எந்தத் தளம் 'இலவசம்' என்று ஆசை காட்டிக் கடைசி வரியில் காசு கேட்கும், எது கழுத்தை மட்டும் கொடுத்துவிட்டுக் கையை விற்கும், எதைத் தொட்டால் பத்து விளம்பரம் முகத்தில் வந்து விழும், எல்லாம் தெரியும். ஒரு நாட்டுக்காரர் ஒற்றைத் தையல் என்று எழுதினால் இன்னொரு நாட்டுக்காரருக்கு அதுவே இரட்டை. அந்தக் குழப்பம் தெரியாமல் தொப்பி போட ஆரம்பித்தவர்களுக்கு வாளி உறை வந்த கதையெல்லாம் அவள் சொல்லிக் கேட்கவேண்டும்.

"அண்ணி, உங்க வீட்ல மனுஷங்க உக்கார ஒரு சேர் ஒதுக்கி வையுங்க" என்பாள் நாத்தனார், வரும்போதெல்லாம். அலமாரி மேல் நூல், கட்டிலுக்கு அடியில் நூல், சமையலறையில் பெரிய பாத்திரங்களுக்குள்ளே நூல். அவள் வீட்டுக்காரர் இதையெல்லாம் கண்டுகொள்வதில்லை. அவர் லிஃப்ட் மெக்கானிக். ஒருமுறை லிஃப்ட் கதவு நசுக்கி, அவருடைய வலது முழங்கை வளைந்தபடியே நின்றுவிட்டது, முழுக்க நீளாது. அதோடேதான் வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தார். பேச்சு குறைவு. நூல் பந்து காலில் தட்டினால் ஓரமாகத் தள்ளிவிட்டு நடப்பார்.

அவர்களுக்குக் குழந்தை இல்லை என்று கடையில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். இருந்தது. ஒரே ஒரு குளிர்காலம் இருந்தது. பாப்பா பிறக்கும்போதே இடது கை வலது கையில் பாதிதான். ஆனால் அந்தக் குட்டிக் கையின் நுனியில் உள்ளங்கையும் ஐந்து விரலும் கச்சிதமாக இருந்தன. அளவக்கா அழவில்லை. யாருக்குத்தான் இரண்டு கையும் சமம் என்று ஊசியை எடுத்தாள். இடது கையைக் குட்டையாக நிறுத்தி ஒரு ஸ்வெட்டர் போட்டாள். சின்னக் கையில் துணி நிற்காமல் மேலே மேலே ஏறியது. அதற்காக நுனியில் ஒரு கண்ணி வைத்தாள், சுண்டு விரலில் மாட்டிக்கொள்ள. எந்தப் பேட்டர்னும் பார்த்துப் போட்டதில்லை. எங்கேயும் எழுதி வைக்கவும் இல்லை.

அந்த ஸ்வெட்டர் பாப்பாவோடு மண்ணுக்குள் போயிற்று. அன்றைக்கு அளவக்கா காய்ச்சலில் கண் திறக்காமல் கிடந்தாள். வீட்டுக்காரர்தான் பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, யாரையும் உள்ளே விடாமல், பாப்பாவுக்கு அதைப் போட்டுவிட்டார். அதற்கப்புறம் அந்த வீட்டில் அதைப் பற்றி யாரும் வாய் திறந்ததில்லை. பதினேழு வருஷம் ஆகிவிட்டது.

ஒருநாள் மதியம், சாப்பாட்டு நேரம். மெஷின் மேல் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு, நாத்தனார் மகளுக்குப் பிறக்கப்போகும் குழந்தைக்காக ஒரு ஸ்வெட்டர் பேட்டர்ன் தேடிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அந்தத் தளம் கண்ணில் பட்டது. விளம்பரம் இல்லை. மெயில் விலாசம் கேட்கவில்லை. போட்டவர் பெயர் இல்லை. படமும் இல்லை. படம் இல்லாத பேட்டர்னை அளவக்கா சீந்தமாட்டாள். எப்படி வரும் என்று தெரியாமல் யார் நூலை வீணாக்குவது? ஆனால் மேலே ஒரு வரி இருந்தது: 'காசு வேண்டாம். முடித்ததும் ஒரு படம் போடவும்.' ஓசிப் பேட்டர்ன் உலகத்தில் இது எல்லோரும் எழுதுவதுதான். போட்டு முடித்தவர்கள் படத்தைக் கீழே ஒட்டுவார்கள், அதுதான் கூலி. அவள் எங்கேயும் ஒட்டினதில்லை. எடுத்தோமா, வந்தோமா என்று இருந்துவிடுவாள்.

சும்மா படித்துக்கொண்டே போனாள். கழுத்து. உடம்பு. பின்பக்கம் திறந்திருக்க வேண்டும். வலது கை. அடுத்த வரி: 'இடது கை: வலது கையில் பாதி வந்ததும் நிறுத்தவும். நுனியில் ஒரு கண்ணி.'

சாப்பாட்டு டப்பா மடியில் இருந்து சரிந்தது. அவள் எடுக்கவில்லை. தையல் எண்ணிக்கையை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அவள் விரல்களுக்கு அந்த எண்ணிக்கை ஞாபகம் இருந்தது. எங்கே குறைத்தாள், எங்கே சும்மா விட்டாள் என்பது எல்லாம் அதில் இருந்தது. அந்தச் சின்ன அறையில் இஸ்திரிப் பெட்டியின் சூட்டிலும் அவளுக்கு உடம்பு சில்லிட்டது.

கடைசி வரிதான் அவளைக் காப்பாற்றியது. 'கண்ணியைக் கட்டை விரலில் மாட்டவும்' என்று இருந்தது. கட்டை விரலா? அவள் வைத்தது சுண்டு விரலுக்கு. அப்பாடா என்று மூச்சு விட்டாள். யாரோ எங்கேயோ தங்கள் குழந்தைக்குப் போட்டது. உலகத்தில் குட்டைக் கை அவள் பாப்பாவுக்கு மட்டுமா? நிம்மதியாக இருந்தது. ஏமாற்றமாகவும் இருந்தது, ஏன் என்று அவள் தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

கீழே ஏழெட்டுப் பேர் படம் போட்டிருந்தார்கள். எல்லா ஸ்வெட்டரிலும் இரண்டு கையும் சமம். 'இடது கையில் பிழை இருக்கிறது, திருத்திவிட்டேன்' என்று ஒருத்தி. 'கண்ணி எதற்கென்று புரியவில்லை, விட்டுவிட்டேன்' என்று இன்னொருத்தி. 'ஓசியில் வருவது அப்படித்தான் இருக்கும்' என்று ஒரு புண்ணியவதி. அளவக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுதினபடி போட உங்களுக்கு என்ன கேடு என்று போனைப் பார்த்து முணுமுணுத்தாள். அன்று சாயங்காலமே உட்கார்ந்து, எழுதினதை எழுதினபடி போட்டு முடித்தாள். நாத்தனார் மகளுக்கு வேறு ஏதோ ஒன்றைக் கொடுத்து அனுப்பினாள்.

சில வாரம் கழித்து அதே தளத்தில் அடுத்த பேட்டர்ன் வந்தது. நடக்கத் தொடங்கிய குழந்தையின் அளவு. இடது கை பாதி, கண்ணி, கட்டை விரல். போட்டாள். அப்புறம் பள்ளிக்குப் போகிற அளவு. போட்டாள். அதற்கடுத்து இன்னும் கொஞ்சம் உயரமான ஒருத்தியின் அளவு. இடுப்பில் ஒரு வளைவு வந்தது, மார்பில் சில தையல் கூடியது. யாரோ ஒரு குழந்தையை அவசர அவசரமாக வளர்த்துக் காட்டுகிற மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன. பின்பக்கத் திறப்பு மட்டும் மாறவே இல்லை. கைக்குழந்தைக்குச் சரி, இவ்வளவு பெரியவளுக்கு எதற்கு என்று யோசித்தாள். கை குட்டையாக இருப்பவளுக்கு அது சௌகரியமாக இருக்கும் என்று தானே ஒரு பதிலையும் சொல்லிக்கொண்டாள்.

போட்டு முடித்ததை எல்லாம் கட்டிலுக்கு அடியில் ஒரு டிரங்குப் பெட்டியில் வைத்தாள். யாரோ ஒருத்தியின் பெண் என்று வாயால் சொல்லிக்கொண்டாலும், புது அளவு வந்ததும் முந்தின ஸ்வெட்டரை விரித்து எவ்வளவு கூடியிருக்கிறது என்று பார்ப்பாள். வளர்ந்துட்டாளே என்று ஒருநாள் சத்தமாகவே சொல்லிவிட்டாள். பேன்ட் திருத்த வந்த ஒரு பெரியவர் திரும்பிப் பார்த்தார்.

பதினேழு வயசுப் பெண்ணுக்கான அளவு வந்த அன்று, பேட்டர்னுக்குக் கீழே ஒரு குறிப்பும் இருந்தது. 'இதுவரை யாரும் இடது கையை நான் எழுதினபடி போடவில்லை. போட்டவர் இருந்தால் படம் காட்டவும். இல்லையென்றால் இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.'

அளவக்கா அந்தக் குறிப்பை இன்னொரு தரம் படித்தாள். ஏற்கெனவே ஒருதரம் இழந்தவள். படம் போடாவிட்டால் பாப்பா மறுபடியும் போய்விடுவாள். அவளை அறியாமலே அப்படித்தான் நினைத்தாள், யாரோ ஒருத்தியின் பெண் என்று நினைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. அவர் வெளியே போயிருக்கிறார் என்று நினைத்து, ஸ்வெட்டர்களை எல்லாம் எடுத்துக் கட்டில் மேல் வரிசையாகப் பரப்பினாள், சின்னதில் இருந்து பெரியது வரை. படம் எடுக்கப் போனை உயர்த்தினபோது வாசற்படியில் அவர் நின்றுகொண்டிருந்தார்.

"இதெல்லாம் யாருக்கு?" என்றார்.

அவள் பதில் சொல்வதற்குள் உள்ளே வந்து, ஓரத்தில் கிடந்த ஆகச் சின்னதைக் கையில் எடுத்தார். இடது கையைத் தடவினார். அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"பயப்படாதீங்க. நானும் முதல்ல அப்படித்தான் நெனச்சேன்" என்றாள். தளத்தைப் பற்றி, பேட்டர்ன்களைப் பற்றி, குறிப்பைப் பற்றி எல்லாவற்றையும் மளமளவென்று சொன்னாள். "இது நம்ம பாப்பாவோடது இல்லங்க. நான் வெச்சது சுண்டு விரலுக்கு. இவங்க கட்டை விரல்ல மாட்டச் சொல்றாங்க. வேற யாரோ. அவ்வளவுதான்."

அவர் அந்தக் கண்ணிக்குள் தன் விரல் நுனியை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். "சுண்டு விரல் விரியல" என்றார். குரல் அவருடையது மாதிரியே இல்லை.

"என்னது?"

"அன்னைக்கு. பாப்பா கை மூடியே இருந்துச்சு. சுண்டு விரல் உள்ள மடங்கிப் போச்சு. பிரிச்சுப் பார்த்தேன். வலிக்குமோன்னு விட்டுட்டேன்." கண்ணியில் இருந்து விரலை எடுத்தார். "கட்டை விரல் ஒண்ணுதான் வெளிய இருந்துச்சு. அதுலதான் மாட்டினேன்."

"இத்தனை வருஷமா என்கிட்ட சொல்லவே இல்லையே."

"எப்படிச் சொல்றது? நீ பார்த்துப் பார்த்துப் போட்டது. கடைசியா மாட்டுறதைக்கூடத் தப்பா மாட்டிட்டேன்னு சொல்லவா?"

அவள் மெதுவாகக் கேட்டாள். "ரூம்ல வேற யாருங்க இருந்தா?"

"யாருமில்ல. நானும் பாப்பாவும்தான்."

தெருவில் யாரோ சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு போனார்கள். அவருக்கு ஊசியில் நூல் கோக்கக்கூடத் தெரியாது. அவர் எழுதினதாக இருக்க வழியே இல்லை. அவள் அதைக் கேட்கவும் இல்லை. கட்டிலில் வரிசையாகக் கிடந்த குட்டைக் கைகளைப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது. அவற்றை ஒவ்வொன்றாகத் தடவவேண்டும் போலவும் இருந்தது.

"படம் போடாத" என்றார் அவர்.

"போடலைன்னா நிறுத்திடுவா."

"நிறுத்தட்டும். போனது போனதாவே இருக்கட்டும்." சொல்லிவிட்டு, அந்தச் சின்ன ஸ்வெட்டரைப் பெட்டிக்குள் வைக்காமல் தன் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு வெளியே போனார்.

மறுநாள் மதியம் அளவக்கா படம் போட்டாள். வாழ்நாளில் வாங்கின ஓசிக்கெல்லாம் அவள் கொடுத்த முதல் கூலி. காலையில் அவர் வேலைக்குப் போனதும் எடுத்தது, கட்டில் நிறைய ஸ்வெட்டர். எல்லாவற்றிலும் இடது கை பாதி, நுனியில் கண்ணி. கீழே ஒரு வார்த்தை எழுதலாம் என்று நினைத்தாள். அம்மா என்று எழுத விரல் போயிற்று. பயந்துபோய் விட்டுவிட்டாள்.

மூன்றாம் நாள் பதில் வந்தது. பதில் என்றால் வார்த்தையில் இல்லை, இன்னொரு பேட்டர்ன். இந்த முறை பெரியவளுக்கு. 'வலது தோள்: இடது தோளைவிடத் தாழ்ந்து வரவேண்டும்' என்று தொடங்கியது. எத்தனை வரிசை தாழவேண்டும் என்றும் இருந்தது. ஆணியில் இருந்த நாடாவை எடுத்து, கதவைச் சாத்திக்கொண்டு, தன்னையே முதல் தடவையாக அளந்தாள். கழுத்து சரி. கை சரி. தோள் ஒரு நூல்கூடப் பிசகவில்லை. யாரும் கவனித்திராத அந்தத் தோளை யாரோ பக்கத்தில் நின்று தொட்டுப் பார்த்த மாதிரி இருந்தது. மெஷின் மேல் தலையைக் கவிழ்த்து வாய்விட்டு அழுதாள். சந்தோஷத்தில்தான் அழுதாள்.

கடைசி வரிகளை அப்புறம்தான் படித்தாள். 'பின்பக்கம் திறந்திருக்கட்டும். படுத்திருப்பவருக்கு மாட்ட அதுதான் வசதி. பொத்தான் வேண்டாம், திரும்பக் கழற்ற வேண்டியதில்லை. அவசரமில்லை. மெதுவாகப் போடவும்.'

அவளுக்கு எல்லாம் புரிந்தது. பயம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. எங்கேயோ ஒரு குட்டைக் கைக்காரி தனக்காக நூலை எண்ணி வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள். எல்லோரும் என்றைக்காவது போகத்தான் வேண்டும். போகிற இடத்தில் தன் அளவு தெரிந்த ஒருத்தி இருக்கிறாள் என்றால் அது என்ன சின்ன விஷயமா?

சாயங்காலம் வீட்டில் அவரிடம் மறைக்க அவளுக்கு மனசு வரவில்லை. சொன்னாள். கத்துவார் என்று எதிர்பார்த்தாள். அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அந்தத் தோள் கணக்கை மறுபடி மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டார். கண்ணாடியை வேலை செய்யும் இடத்திலேயே மறந்து வைத்துவிட்டு வந்திருந்தார்; அது இல்லாமல் போனில் ஒரு எழுத்தும் அவருக்குத் தெரியாது. அவள் பின்பக்கத்தைப் பற்றிய வரிகளைப் படிக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே தோளையும் கழுத்தையும் மட்டும் படித்தாள்.

அப்புறம், மிட்டாய் கிடைக்காத பிள்ளை மாதிரி, "எனக்கு ஒண்ணும் போடலையா?" என்றார். "நான்தானே மாட்டிவிட்டேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. திரையைக் கீழே தள்ளிப் பார்த்தாள். இருந்தது. அகலமான தோள், கனத்த கழுத்து. 'வலது கை: முழங்கையில் வளைவு வேண்டும், நீட்டிப் போடக்கூடாது.'

"இருக்குங்க" என்றாள்.

"முழங்கை?"

"அதுவும் இருக்கு. வளைவு வெக்கச் சொல்லியிருக்கு."

பதினேழு வருஷத்தில் அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அவள் பார்த்ததில்லை. "பாரேன், பாப்பாவுக்கு என் கை தெரிஞ்சிருக்கு" என்று எழுந்து நின்றார். அவளுக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டார், வலது கை பாதியில் வளைந்து நிற்க. "அள. சரியான்னு பாரு."

அவள் அளக்கவில்லை. அளக்காமலே தெரியும் சரியாகத்தான் இருக்கும் என்று. அவள் அந்தப் பேட்டர்னின் கடைசி வரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடையதில் அவசரமில்லை என்று இருந்த இடத்தில், இதில் வேறு வரி இருந்தது. 'இதை முதலில் முடிக்கவும்.'

போனைக் கவிழ்த்து மடியில் வைத்தாள். பாப்பா மேல் அவளுக்கு முதல் முறையாகக் கோபம் வந்தது. இன்னும் கொஞ்ச நாள் விட்டு வைக்கக்கூடாதாடி என்று மனசுக்குள் கெஞ்சினாள். போட்டு முடித்துப் படம் காட்டாவிட்டால் பாப்பா நிறுத்திவிடுவாள். இனி ஒன்றும் வராது. அது தெரிந்துதான் அளவக்கா வாயைத் திறந்தாள்.

"எப்ப ஆரம்பிக்கிற?" என்று கேட்டார் அவர், கையை இன்னும் இறக்காமல்.

"நூல் இல்லைங்க" என்றாள்.

அவர் திகைத்துச் சுற்றிலும் பார்த்தார். அலமாரி மேல் நூல். கட்டிலுக்கு அடியில் நூல். "இத்தனை இருக்கே?"

"இது சரியான நூல் இல்ல. சொல்லி வெச்சிருக்கேன். வரணும்."

அதற்கப்புறம் அந்தத் தளத்தில் எதுவும் வரவில்லை. ஒருநாள் தேடினபோது தளமே இல்லை. அளவக்கா கொக்கி ஊசியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள். கடையில் இருந்து ஒரு ரெடிமேட் ஸ்வெட்டர் வாங்கினாள், முன்பக்கம் திறப்பது, வரிசையாகப் பொத்தான் வைத்தது. சாப்பாட்டு நேரத்தில் அதன் வலது கையைப் பிரித்து முழங்கைக்கு வளைவு வைத்தாள். தினமும் காலையில் அவர் வேலைக்குக் கிளம்பும்போது அவளே பொத்தான்களைப் போட்டுவிடுகிறாள், சாயங்காலம் வந்ததும் அவளே கழற்றுகிறாள். சின்ன ஸ்வெட்டர் மட்டும் இன்னும் அவர் பையில் இருக்கிறது.

கழற்றும்போதெல்லாம் அவர் கேட்பார். "நூல் வந்துச்சா?"

"இன்னும் வரலைங்க."